ஒத்துப் பார்க்காமல் அச்சில் ஏற்றாதவர்!

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கை

திருக்கோவலூருக்குப் போனவர்கள் அந்தப் பாறையைப் பார்த்திருப்பார்கள். தென்பெண்ணை ஆற்றில் தனியாக நிற்கும் பெரிய பாறை அது. அதன் உச்சியில் ஒரு சிறு கோயில் இருக்கிறது. அதற்குக் கபிலர் குன்று என்று பெயர்.

பாரி வள்ளலின் உயிர் நண்பர் கபிலர். பாரி இறந்த பிறகு, தாயும் தந்தையும் இல்லாத அவன் பெண்களுக்கு அவரே தந்தையாக இருந்தார். அந்தப் பெண்களைத் திருக்கோவலூரில் ஒப்படைத்துவிட்டு, இந்தப் பாறையில் அவர் தீயில் இறங்கி உயிர் விட்டார் என்று ஊர் மக்கள் சொல்லுகிறார்கள். ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அவ்வூர்க் கோயிலில் இருக்கிறது. கபிலர் தீப்புகுந்த செய்தி அதிலும் வருகிறது.

திருக்கோவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மாவட்டம் 2019-ம் ஆண்டில் பிறந்தது. மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மதில் போல நிற்பது கல்வராயன் மலை. கோமுகி ஆறு அங்கேதான் பிறக்கிறது. திருக்கோவலூரைத் தலைநகராகக் கொண்டு, பழங்காலத்தில் மலையமான்கள் என்ற அரசர்கள் ஆண்டார்கள். அவர்களுள் பெரும் புகழ் பெற்றவன் திருமுடிக்காரி. கடையெழு வள்ளல்களில் அவனும் ஒருவன்.

இதெல்லாம் இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பெரிய பெரிய வித்வான்களில் பலருக்கே தெரியாது. காரியைப் பாடிய பாட்டுகள் ஓலையிலே கிடந்தன. அந்த ஓலைகளைக் கறையான் தின்றுகொண்டிருந்தது.

அவற்றைத் தேடி எடுத்தவர், எழுத்து எழுத்தாகச் சரி பார்த்தவர், பிறகு அச்சிட்டுத் தமிழர் கையில் கொடுத்தவர் யார்? அவர்தான் உ.வே.சாமிநாதையர்!

யானைக் காலடியில் குழந்தைகள்

முதலில் ஒரு சிறு கதை.

மலையமான் ஒருவனுடைய குழந்தைகள் சோழ அரசன் கிள்ளிவளவனிடம் அகப்பட்டுக்கொண்டார்கள். அவர்களை யானையின் காலில் இட்டுக் கொன்றுவிட உத்தரவாயிற்று. யானை வந்தது. அழுதுகொண்டிருந்த குழந்தைகள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டார்கள். அவர்களுக்கு அது வேடிக்கை! ஆனால் சுற்றி நின்ற புது முகங்களைப் பார்த்து மருண்டார்கள்.

கோவூர் கிழார் என்ற புலவர் இதைக் கண்டார். ஓடி வந்தார். ஒரு புறாவுக்காகத் தன் உடம்பையே கொடுத்தவனின் வழியில் வந்தவன் நீ என்று சோழனுக்கு நினைவூட்டினார். புலவர்களைக் காப்பாற்றிய குடியில் பிறந்தவர்கள் இந்தக் குழந்தைகள் என்று எடுத்துச் சொன்னார். குழந்தைகள் பிழைத்தார்கள்.

இது புறநானூற்றில் 46-வது பாட்டு.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பாட்டுக்குள் மலையமான் என்ற பெயரே இல்லை. குழந்தைகள் யார் என்பது, பாட்டின் கீழே எழுதியுள்ள ஒரு சிறு குறிப்பில்தான் இருக்கிறது. ஏடு எழுதியவர் யாராவது, இது பாட்டு இல்லையே, எதற்கு என்று அந்த ஒரு வரியை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாட்டு இருந்திருக்கும். குழந்தைகளின் ஊரும் குலமும் போயிருக்கும். திருக்கோவலூருக்கு இந்தக் கதை இல்லாமலே போயிருக்கும்.

ஓலையில் ஒரு வரிக்கு இவ்வளவு மதிப்பு! அதைத் தெரிந்து நடந்தவர் சாமிநாதையர்.

இளமை

கும்பகோணத்துக்கு அருகே உத்தமதானபுரம் என்ற சிற்றூர் இருக்கிறது. அதுதான் ஐயரின் ஊர். 1855-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். தாயார் சரசுவதி அம்மாள். குழந்தைக்கு வேங்கடராமன் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் கூப்பிட்ட பெயர் சாமிநாதன். பிற்காலத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

குடும்பம் வறுமையில் வாடியது. சங்கீதத்தை ஆதரிப்பவர்கள் எங்கே இருந்தார்களோ, அந்த ஊருக்கெல்லாம் தந்தை குடியை மாற்றினார். பையனுக்குத் தமிழ் மேல் ஆசை. எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள தமிழ் தெரிந்தவரைத் தேடிப் போய்ப் பாடம் கேட்டான்.

அந்தக் காலத்தில் தமிழில் மகாவித்வான் என்று பெயர் பெற்றவர் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் அப்பொழுது மாயூரத்தில் இருந்தார். 1871-ம் ஆண்டில் சாமிநாதன் அவரிடம் மாணவனாகச் சேர்ந்தான். நிழல் போலக் கூடவே இருந்து படித்தான். திருவாவடுதுறை ஆதீனத்திலும் பாடம் நடந்தது. ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் இந்த மாணவனிடம் மிகுந்த அன்பு வைத்தார்.

1876-ம் ஆண்டில் மகாவித்வான் காலமானார். மாணவருக்கு உலகமே இருண்டது போலாயிற்று. தேசிகர் ஆதரித்தார்.

1880-ம் ஆண்டில் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதர் வேலை கிடைத்தது. அந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்ற தியாகராஜ செட்டியார்தான் இவரைச் சிபாரிசு செய்தார். சம்பளம் மாதம் 50 ரூபாய். அப்பொழுது ஐயருக்கு வயது 25.

ஒரு கேள்வி!

அதே 1880-ம் ஆண்டில் கும்பகோணத்துக்கு ஒரு புதிய முன்சீப் வந்தார். அவர் பெயர் சேலம் ராமசாமி முதலியார். கல்வராயன் மலைக்கு மேற்கே உள்ள சேலத்துச் சீமைக்காரர். தமிழில் பற்று உள்ளவர் என்று கேள்விப்பட்டு, ஐயர் அவரைப் பார்க்கப் போனார்.

என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் தாம் படித்த நூல்களை வரிசையாகச் சொன்னார். அந்தாதிகள், கலம்பகங்கள், உலாக்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள். பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. முதலியார் முகத்தில் மலர்ச்சி இல்லை. இவற்றால் என்ன பயன் என்று கேட்டார்.

ஐயர் திகைத்துப் போனார்.

பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் மேலும் கேட்டார். படித்ததில்லை. சிலப்பதிகாரம்? இல்லை. மணிமேகலை? இல்லை.

அவை அச்சாகிப் பழக்கத்தில் வராத காலம் அது. பாடம் சொல்லுகிறவரும் இல்லை; கேட்கிறவரும் இல்லை.

முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள், இருவரும் சேர்ந்து பாடம் பார்க்கலாம் என்றார்.

ஐயர் ஏட்டைத் திறந்தார். ஒன்றும் விளங்கவில்லை! மகாவித்வானிடம் ஐந்து ஆண்டுகள் படித்தவருக்கே விளங்கவில்லை. அவர் வெட்கப்பட்டார். ஆனால் ஓடிவிடவில்லை. அன்று பிடித்த வேலையை அறுபது ஆண்டுகளுக்கு மேல் விடவில்லை.

ஜைனர் வீட்டில் விழா

சிந்தாமணி ஜைன நூல். ஐயரோ சைவ மரபில் வளர்ந்தவர். நூலில் வரும் ஜைன மதச் செய்திகள் புரியவில்லை. யாரைக் கேட்பது?

கும்பகோணத்திலேயே ஜைனர்கள் இருப்பது தெரிந்தது. ஐயர் அவர்களுள் ஒருவருடைய வீட்டுக்குப் போனார். வாசலில் அலங்காரம் செய்திருந்தது. ஏதோ பண்டிகை என்று நினைத்தார். விசாரித்தார். சிந்தாமணியைப் படித்து முடித்த நாள் அது, அதற்காகத்தான் விழா என்று சொன்னார்கள்!

ஐயருக்கு உடம்பு சிலிர்த்தது. படிக்க ஆளே இல்லை என்று நினைத்த நூலை, கூப்பிடு தூரத்தில் ஒரு கூட்டம் பூஜை போலப் படித்து வந்திருக்கிறது. அன்று முதல் அவர் அங்கே மாணவர் ஆனார். காலேஜில் வாத்தியார், ஜைனர் வீட்டில் மாணவர்.

எரியா? ஏரியா?

சிந்தாமணியை அச்சிட வேண்டும் என்ற எண்ணம் வந்தது. கையில் ஏடு இருக்கிறது. அப்படியே அச்சாபீசுக்கு அனுப்பினால் என்ன?

அங்கேதான் ஆபத்து.

பழைய ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும். ஆகவே பல என்பதும் பல் என்பதும் ஓலையில் ஒன்று போல இருக்கும்.

எகர ஒகரங்களில் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்டமாட்டார்கள். எரி என்றாலும் ஏரி என்றாலும் ஒரே எழுத்துத்தான். ஒன்று நெருப்பு, மற்றொன்று தண்ணீர்!

காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். பாதம் என்று எழுதியிருக்கிறதா, பரதம் என்று எழுதியிருக்கிறதா? பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

இவை போதாவென்று, எழுதியவர் செய்த பிழைகள் வேறு. ஓலை அழியும் பொருள். அழிவதற்குள் அதைப் பார்த்து வேறு ஓலையில் எழுதுவார்கள். ஒரு மூல ஏட்டைப் பார்த்து இருவர் எழுதினால் இரண்டு கிளை. அவற்றைப் பார்த்து மேலும் நால்வர் எழுதினால் நான்கு கிளை. ஒரு கிளை மதுரைப் பக்கம் போகும். ஒரு கிளை தஞ்சாவூர்ப் பக்கம் போகும். ஒரு கிளையில் ஒரு வரி விட்டுப் போயிருக்கும். இன்னொரு கிளையில், புரியாத சொல்லை எடுத்துவிட்டுத் தமக்குப் புரிந்த சொல்லை ஒருவர் போட்டிருப்பார். சில நூறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், நூல் ஒன்றுதான், உருவமோ பல.

இவற்றை ஒன்று சேர்ப்பது எப்படி?

பெரும்பாலான ஏடுகளில் உள்ளதே சரி என்று சொல்லிவிடலாமா? அதுவும் கூடாது. தவறான ஓர் ஏட்டைப் பார்த்து ஐந்து பேர் எழுதியிருந்தால், ஐந்தும் ஒரே பொய்யைத்தான் சொல்லும். அது ஐந்து சாட்சி ஆகாது, ஒரே சாட்சிதான்.

ஐயர் செய்த வேலை

முதலில் ஐயர் ஏடு சேர்த்தார். திருவாவடுதுறை மடத்து ஏடு, தம் ஆசிரியர் வைத்திருந்த ஏடு, ஜைனர் வீட்டு ஏடு என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. எங்கே ஏடு உண்டு என்று கேள்விப்பட்டாலும் கடிதம் எழுதுவார். விடுமுறை வந்தால் தாமே புறப்பட்டுவிடுவார். ரயிலும் வண்டியும் போகும் இடத்துக்கு ரயிலிலும் வண்டியிலும் போனார். மற்ற இடத்துக்கு நடந்தே போனார்.

பிறகு ஒத்துப் பார்த்தார். ஒருவர் ஓர் ஏட்டை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் கையில் வேறு வேறு ஊர் ஏடுகள் இருக்கும். ஓரிடத்தில் எழுத்து மாறினாலும் படிப்பதை நிறுத்திவிடுவார்கள். எந்த ஏட்டில் எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். அதன் பிறகே அடுத்த சொல்.

இதற்கு மேல்தான் உண்மையான சோதனை. எந்தப் பாடம் சரி?

செய்யுளின் ஓசைக்கு எது பொருந்துகிறது என்று ஐயர் பார்த்தார். எதுகையும் மோனையும் எதில் அமைகிறது என்று பார்த்தார். சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய பழைய உரை இருக்கிறது. உரையாசிரியர் எந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பொருள் எழுதினார் என்று பார்த்தார். அதே சொல் வேறு பழைய நூலில் வருகிறதா, அங்கே என்ன பொருள் என்று தேடினார். இதற்காகச் சொற்களுக்கெல்லாம் அகராதி எழுதி வைத்துக்கொண்டார்.

இத்தனை சோதனையிலும் தேறிய சொல்லே நூலில் ஏறும். தேறாத சொல்லை அவர் எறிந்துவிடவும் இல்லை. பிரதிபேதம் என்று அடிக்குறிப்பில் போட்டார். நான் எடுத்துக்கொண்டது இது; ஏட்டில் வேறு விதமாகவும் இருந்தது; நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று படிப்பவருக்குச் சொல்லுவது போன்றது அது. பின்னால் வருகிறவர் தம் பிழையைக் கண்டுபிடிக்க அவரே வழி வைத்துவிட்டுப் போனார். எவ்வளவு பேருக்கு இந்த மனம் வரும்?

ஏடு சிதைந்த இடத்தில் என்ன செய்தார்? தாமே கவி பாடத் தெரிந்தவர்தான். இரண்டு சொல் கட்டிப் போட்டிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள். அவர் அதைச் செய்யவில்லை. இல்லாததை இல்லை என்றே விட்டார். புறநானூற்றில் 400 பாட்டு. அதில் 267, 268 என்ற இரண்டும் கிடைக்கவில்லை. அந்த எண்களுக்கு உரிய இடம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது.

அச்சாபீசில்

அந்தக் காலத்து அச்சு வேலை இன்றைய வேலை போன்றதல்ல. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பார்கள். ஒரு பாரம் அச்சானதும் அந்த எழுத்துகளைக் கலைத்து, அடுத்த பாரத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். அதன் பின் பிழை தெரிந்தால் தெரிந்ததுதான். கடைசியில் பிழை திருத்தம் என்று ஒரு தாள் ஒட்டலாம். வேறு வழியில்லை.

ஆகவே, அச்சேறும் முன்பே ஐயர் பார்த்தார். புரூபைப் பார்ப்பார், ஏட்டைப் பார்ப்பார், மறுபடியும் புரூபைப் பார்ப்பார். புத்தகம் சென்னையில் அச்சாயிற்று. வேலையோ கும்பகோணத்தில். விடுமுறை விட்டதும் சென்னைக்கு ஓடுவார். விடுமுறை முடிந்ததும் திரும்புவார். ராமசாமி முதலியார் அப்பொழுது சென்னையில் வக்கீல். அவர் பல வகையில் உதவினார்.

பணம்? 50 ரூபாய்ச் சம்பளத்தில் தொடங்கியவரிடம் பணம் ஏது! புத்தகம் வெளிவந்ததும் வாங்கிக்கொள்கிறோம் என்று பலரிடம் முன்பணமாகக் கையொப்பம் வாங்கினார். அதுவும் போதாமல் கடன் வாங்கினார்.

1887-ம் ஆண்டில் சீவக சிந்தாமணி வெளிவந்தது. முதலியார் கேட்ட கேள்விக்கு ஏழு ஆண்டுகள் கழித்து ஐயர் பதில் சொல்லிவிட்டார்!

அவருக்கு முன்பே ஆறுமுக நாவலர், சி.வை.தாமோதரம் பிள்ளை ஆகிய யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் பழைய நூல்களை அச்சிட்டு வழி காட்டியிருந்தார்கள். அந்த வழியை ஐயர் பெருவழி ஆக்கினார்.

புகழ் வந்தது. கண்டனமும் வந்தது. குற்றம் கண்டுபிடித்துச் சிலர் எழுதினார்கள். ஐயர் மனம் நொந்தார். மறுப்பு எழுதவும் நினைத்தார். மறுப்பு எழுதிக்கொண்டிருந்தால் நூல் வேலை நின்றுவிடும் என்று நண்பர் சாது சேஷையர் எச்சரித்தார். ஐயர் பேனாவை வேறு பக்கம் திருப்பினார். அடுத்த நூலை எடுத்தார். சிந்தாமணியையும் விட்டுவிடவில்லை. மேலும் ஆராய்ந்து, திருத்தி, 1907-ம் ஆண்டில் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார்.

உதிர்ந்த பூக்கள்

சிந்தாமணி உரையில் நச்சினார்க்கினியர் பல பழைய பாட்டு அடிகளை எடுத்துக் காட்டியிருந்தார். அவை எந்த நூலில் உள்ளவை என்று தேடப் போய்த்தான், பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் ஐயருக்குத் தெரியவந்தன. ஒரு நூலைச் சரி பார்க்கப் போனவருக்கு ஒரு புதையலே கிடைத்தது!

பத்துப்பாட்டுக்காகத் தெற்கே போனார். ஆழ்வார்திருநகரியில் கவிராயர்கள் வீடுகளில் ஏடு தேடினார். 1889-ம் ஆண்டில் பத்துப்பாட்டை வெளியிட்டார்.

அந்தப் பத்தில் ஒன்று குறிஞ்சிப்பாட்டு. பாடியவர் நம் கபிலர்தான். திருக்கோவலூர்ப் பாறைக்குப் பெயர் கொடுத்த கபிலர். மலைநாட்டுப் பெண்கள் பூப்பறித்துக் குவிப்பதை அதில் பாடியிருக்கிறார். 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. கல்வராயன் மலைக்காரர்கள் கேட்டால், இது எங்கள் மலையில் உண்டு, அது எங்கள் ஓடையில் உண்டு என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

ஆனால் ஐயருக்குக் கிடைத்த ஏடுகளில் சில பூக்களைக் காணோம்! அந்த இடத்தில் ஏடு சிதைந்து போயிருந்தது. ஐயருக்கு மனம் ஆறவில்லை. தருமபுரம் ஆதீனத்துக்குப் போனார். அங்கிருந்த பழஞ்சுவடிகளைப் புரட்டினார். உதிரி ஓலைகளையும் விடாமல் பார்த்தார். கடைசியில் கிடைத்தது! காணாமற்போன பூக்கள் அந்த ஓலையில் பூத்திருந்தன.

எல்லா இடத்திலும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பல ஏடுகள் உண்டு என்று கேள்விப்பட்டுப் போனார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டுவிட்டோம் என்று அங்கே சொன்னார்கள். ஐயர் கலங்கிப் போனார். ஆடிப் பெருக்கில் ஏட்டை ஆற்றில் விட்டவர்களும் உண்டு. அதையும் புண்ணியம் என்றே அவர்கள் நினைத்தார்கள்.

மலையமான் நாட்டுக்கு மறுபிறப்பு

1892-ம் ஆண்டில் சிலப்பதிகாரம் வந்தது. அதே ஆண்டில், வழி காட்டிய ராமசாமி முதலியார் காலமானார்.

1894-ம் ஆண்டில் புறநானூறு வந்தது. பழைய உரை முதல் 266 பாட்டுகளுக்குத்தான் இருந்தது. மற்றவற்றுக்கு உரையின் துணை இல்லை. ஏட்டை ஏட்டோடு ஒத்துப் பார்த்தே வேலை நடந்தது. பாட்டின் கீழே இருந்த குறிப்புகளையும் ஐயர் பாட்டைப் போலவே மதித்தார். பாடியவர் யார், பாடப்பட்டவர் யார், எந்தச் சமயத்தில் பாடியது என்ற செய்திகள் அவற்றில்தான் இருந்தன. புலவர்கள் வரலாற்றையும் அரசர்கள் வரலாற்றையும் தனியே தொகுத்து நூலுடன் சேர்த்தார்.

அந்தப் புத்தகத்தில்தான் திருமுடிக்காரி எழுந்து நின்றான். தன்னிடம் வந்தவர்க்கெல்லாம் தேரையே கொடுத்த காரி. கபிலர் அவனைப் புகழ்ந்தார். ஒரு புத்தியும் சொன்னார். வந்தவர்க்கெல்லாம் ஒரே மாதிரி கொடுத்துவிடுவது சுலபம்; அவரவர் தரத்தை அறிவதுதான் கடினம் என்பது அதன் கருத்து. காரிக்குச் சொன்ன அந்தப் புத்தி, ஏடு பார்க்கிறவர்களுக்கும் பொருந்தும். வந்த பாடத்தையெல்லாம் ஏற்றுக்கொள்வது சுலபம். தரம் பார்ப்பதுதான் கடினம்.

1898-ல் மணிமேகலை வந்தது. அது பௌத்த நூல். பௌத்தக் கொள்கைகளை விளக்குவதற்குப் பேராசிரியர் ரங்காசாரியார் உதவினார். 1903-ல் ஐங்குறுநூறு, 1904-ல் பதிற்றுப்பத்து, 1918-ல் பரிபாடல், 1924-ல் பெருங்கதை, 1937-ல் குறுந்தொகை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. பரிபாடலில் 70 பாட்டுக்கு 22-தான் முழுமையாகக் கிடைத்தன. கிடைத்ததைச் சரி பார்த்து அச்சிட்டார். கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று சொன்னார்.

தாத்தா

1903-ம் ஆண்டில் ஐயர் சென்னை ராஜதானிக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். 1919-ல் ஓய்வு பெற்றார். திருவல்லிக்கேணியில் வீடு வாங்கினார். அதற்குத் தியாகராஜ விலாசம் என்று பெயர் வைத்தார். தமக்கு வேலை வாங்கிக் கொடுத்த தியாகராஜ செட்டியாரை அவர் மறக்கவில்லை.

பட்டங்கள் தேடி வந்தன. 1906-ல் அரசாங்கம் மகாமகோபாத்தியாயர் பட்டம் கொடுத்தது. 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. வங்கக் கவி ரவீந்திரநாத் தாகூர் அவர் வீடு தேடி வந்து பார்த்தார். 1937-ல் சென்னையில் காந்தியடிகள் தலைமையில் நடந்த பாரதீய சாகித்ய பரிஷத் மாநாட்டில் ஐயர் வரவேற்புரை வழங்கினார்.

ஓய்வு பெற்ற பிறகும் ஏட்டைக் கீழே வைக்கவில்லை. குறுந்தொகையை வெளியிட்டபோது அவருக்கு வயது 82!

தம் வரலாற்றை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதி வந்தார். அது முடியவில்லை. யுத்த பயத்தால் சென்னையை விட்டு மக்கள் வெளியேறிய சமயத்தில், அவரும் திருக்கழுக்குன்றத்துக்குப் போனார். 1942-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி அங்கே அவர் உயிர் பிரிந்தது. வயது 87.

அவர் சேர்த்த ஏடுகளையும் புத்தகங்களையும் காப்பதற்காக 1943-ல் அவர் பெயரால் நூல்நிலையம் ஏற்பட்டது. சென்னை பெசன்ட் நகரில் இன்றும் அது இருக்கிறது.

கம்ப்யூட்டர் காலத்திலும்

இது கம்ப்யூட்டர் காலம். ஓலை ஒத்துப் பார்த்த கதை இப்பொழுது எதற்கு என்று சிலர் கேட்கலாம்.

கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரே நிரலைப் பல பேர் எடுத்துக்கொண்டு, அவரவர் இடத்தில் திருத்துவார்கள். அவற்றுக்குக் கிளை என்றுதான் பெயர்! பிறகு கிளைகளை ஒன்று சேர்க்க வேண்டும். இதற்குக் கருவிகள் உண்டு. 2005-ம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் செய்த கிட் என்ற கருவி உலகம் எங்கும் பழக்கத்தில் இருக்கிறது.

இருவர் ஒரே வரியை இரண்டு விதமாக மாற்றியிருந்தால், இங்கே தகராறு இருக்கிறது என்று அந்தக் கருவி நிறுத்திக் காட்டும். இருவரும் வேறு வேறு வரிகளை மாற்றியிருந்தால் சத்தமில்லாமல் சேர்த்துவிடும். ஆனால் சேர்ந்துவிட்டதாலேயே சரி என்று ஆகிவிடாது. ஒருவர் ஒரு பெயரை மாற்றியிருப்பார். மற்றவர் வேறிடத்தில் பழைய பெயரையே எழுதியிருப்பார். கருவிக்கு அது தெரியாது. நிரலை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால், கிளைகளைச் சேர்த்த உடனே பதிந்துவிடாமல் நிறுத்தி வைக்கவும் அதில் வழி இருக்கிறது. நிறுத்தி வைத்து, வரி வரியாகப் பார்த்து, ஓட்டிச் சோதித்து, அதன் பிறகே பதிவார்கள். அவசரப்பட்டவர்கள் அவதிப்பட்டதுண்டு.

கும்பகோணத்தில் எண்ணெய் விளக்கின் அடியில் ஐயர் செய்ததும் இதைத்தான். அவருக்குக் கருவி இல்லை. கண் இருந்தது, காது இருந்தது, பொறுமை இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மை இருந்தது.

திருக்கோவலூர்ப் பக்கம் போனால் கபிலர் குன்றைப் பாருங்கள். குழந்தைகளுக்குக் காரியின் கதையைச் சொல்லுங்கள். யானையைக் கண்டு அழுகையை மறந்த அந்தச் சின்னஞ் சிறுவர்களின் கதையையும் சொல்லுங்கள். அவர்களை முதல் தடவை காப்பாற்றியவர் கோவூர் கிழார். கறையானிடமிருந்து இரண்டாம் தடவை காப்பாற்றியவர் ஒரு தமிழ் வாத்தியார். அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்!